நோட்டு எல்லாம் சரி, பாட்டு எங்கே? கொயர் இசையை பிராஸ் குழுவுக்கு மாற்றி எழுதுவது பற்றி

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ப்ரூக்னரின் 'லோகுஸ் இஸ்தே' மோட்டெட்டை, அதாவது கொயர் என்னும் பாடகர் குழு பாடும் தேவாலயப் பாட்டை, ஒருவர் பிராஸ் குயின்டெட்டுக்கு, அதாவது பித்தளை ஊதுவாத்தியக்காரர் ஐந்து பேருக்கு, மாற்றி எழுதியிருக்கிறார். கொயரின் நாலு குரலில் உச்சக் குரலான சொப்ரானோ முதலாம் டிரம்பெட்டுக்கு, அதற்குக் கீழுள்ள ஆல்டோ இரண்டாம் டிரம்பெட்டுக்கு, அதற்கும் கீழுள்ள டெனர் ஹார்னுக்கு, அடிக்குரலான பேஸ் டிராம்போனுக்கு. மிஞ்சிய டியூபாவுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை பேஸ் குரலே, ஒரு ஸ்தாயி கீழே. பேஸ் பாடாத இடத்தில் டியூபா சும்மா இருக்க வேண்டாமே என்று டெனரைக் கீழே இறக்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு நோட்டுகூடத் தவறில்லை. ஆனால் வாசித்துக் கேட்டால் கனமாக இருக்கிறது, பாதி வழியிலேயே முதல் டிரம்பெட்காரருக்கு உதடு போய்விடுகிறது, கொயர் பாடும்போது வரும் அந்த ஒன்று மட்டும் வரவே இல்லை. எங்கே தப்பு என்று கேட்கிறார். அவருக்கே பதில் சொல்கிறேன்.

தப்பு நோட்டில் இல்லை என்பதுதான் சிக்கல். கொயர் ஸ்கோரில் (எல்லாக் குரலும் சேர்ந்த இசைத்தாளில்) இருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வரும்போது இரண்டு விஷயம் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒன்று வார்த்தை, இன்னொன்று மூச்சு. பாடகருக்கு இவை இரண்டும் இனாமாகக் கிடைப்பவை, யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. ஊதுபவருக்கு நீங்கள் எழுதித் தந்தால்தான் உண்டு. அரேஞ்ச்மென்ட் வேலையில், அதாவது இப்படி மாற்றி எழுதுவதில், முக்கால்வாசி இதுதான். எந்தக் குரல் எந்தக் கருவிக்கு என்பதெல்லாம் அப்புறம்.

குரலும் பிராஸும் ஒட்டாத சாமான்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தேவாலயத்தில் டிராம்போனும் குரலும் பல நூற்றாண்டாக ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் 38ஆம் எண் கான்டாட்டா என்ற தேவாலயப் பாட்டுத் தொகுப்பில் நாலு குரலுக்கும் நாலு டிராம்போனைத் துணைக்கு வைத்து, பாடுவதையே அப்படியே வாசிக்க விட்டார். அவருக்கு முந்தைய தலைமுறை ஜெர்மானியரான ஷூட்ஸ் 1629இல் வெளியிட்ட 'ஃபிலி மி, அப்சலோன்' ஒரு பேஸ் குரலுக்கும் நாலு டிராம்போனுக்கும் எழுதியது. மகனைப் பறிகொடுத்த தாவீது அழும் அழுகை அது. அதற்கு அவர் தேடிப் போனது டிராம்போனை. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: பேத்தோவன் 1812இல் லின்ஸ் நகரில் நாலு டிராம்போனுக்கு எழுதிய சிறு துண்டுகளில் இரண்டுக்கு 'மிசெரேரே' என்ற மன்றாட்டுச் சங்கீதத்தின் வரிகளைப் பொருத்தி, 1827இல் அவருடைய இறுதி ஊர்வலத்திலேயே பாடினார்கள். வரிகளைப் பொருத்தியவர் இசையமைப்பாளர் சைஃப்ரீட். ஆக, வண்டி இரண்டு பக்கமும் ஓடும் பாதைதான் இது.

சரி, வார்த்தைக்கு வருவோம்.

'லோகுஸ் இஸ்தே ஆ தேயோ ஃபாக்டுஸ் எஸ்ட்', அதாவது 'இந்த இடம் கடவுளால் உண்டானது'. பாடகர் இதைப் பாடும்போது லோ, இஸ், தே, ஃபாக் ஆகிய அசைகளில் எடை விழும். 'குஸ்', 'டுஸ்' எல்லாம் தானாக இளைத்துப்போகும். யாரும் சொல்லித் தர வேண்டாம், வாயிலேயே இருக்கிறது. இதே வரியை டிரம்பெட்டுக்கு வெறும் நோட்டாக எழுதிக் கொடுத்தால் அத்தனை நோட்டுக்கும் ஒரே எடைதான் கிடைக்கும். ஊதுபவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிகள்தானே.

நான் செய்வது இது: ஒவ்வொரு பார்ட்டிலும், அதாவது ஒவ்வொருவர் பார்த்து வாசிக்கும் தாளிலும், நோட்டுக்குக் கீழே பாட்டு வரியை அச்சடித்துவிடுவேன். எல்லாக் கருவிக்கும், டியூபா உட்பட. எடை விழும் அசைக்கு மேலே ஒரு சிறு கோடு, அதாவது டெனுட்டோ. இளைக்கும் அசைக்கு எதுவும் போடாமல் விட்டுவிடுவேன். ஒரே அசையில் பல நோட்டு ஓடினால் அத்தனைக்கும் சேர்த்து ஒரு ஸ்லர், அதாவது நோட்டுகளை இழைத்துக் கட்டும் வளைகோடு. அசை மாறும் இடத்தில் ஸ்லர் முடிந்தாக வேண்டும். ஸ்லரை இசையின் அழகைப் பார்த்துப் போடாதீர்கள், அசையைப் பார்த்துப் போடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கே பாதிப் பாட்டு திரும்பி வந்துவிடும்.

டிராம்போனுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் வால்வு கிடையாது. ஸ்லர் என்று எழுதினாலும் பல இடங்களில் 'டூ, டூ' என்று நாக்கை மெல்லத் தொட்டுத்தான் வாசிக்க முடியும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல டிராம்போன்காரருக்கு இது கைவந்த கலை. ஆனால் வேகமாக ஓடும் நீண்ட சங்கதியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஹார்ன் வழவழவென்று போவதைப் போல அவரும் போக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னும் கடினமானது ஒரே சுரத்தில் அடுத்தடுத்து வரும் அசைகள். நாலு குரலும் ஒரே கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்தில்) நின்றுகொண்டு ஐந்தாறு அசைகளைச் சொல்லும் இடம் கொயரில் சகஜம். அங்கே உயிரெழுத்து மாறிக்கொண்டே இருப்பதால் காது சலிப்பதில்லை. பிராஸில் உயிரெழுத்து இல்லை. அதே கார்டை ஐந்து பேரும் ஆறு முறை தட்டினால் தந்தி அடிப்பது போலவோ, ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது போலவோ ஆகிவிடும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் துணிந்து கைவைப்பேன். மேல் குரலில் எல்லா அசையையும் விட்டுவைத்து, நடுக் குரல்களில் இளைத்த அசைகளை முன்னால் உள்ளதோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். ராகம் பேசும், உள்ளே இருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். மூலத்துக்குத் துரோகம் என்று சிலர் சொல்வார்கள். வார்த்தையே இல்லாத இடத்தில் வார்த்தையின் எலும்பை மட்டும் காட்டுவதுதான் பெரிய துரோகம் என்பது என் கட்சி.

அடுத்தது மூச்சு. கொயரில் பேஸ் பாட எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு இடத்தில் திருட்டுத்தனமாக மூச்சு எடுத்துக்கொள்வார்கள், வரி அறுபடாது. குயின்டெட்டில் ஒரு குரலுக்கு ஒரே ஆள். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் நாலு தட்டுள்ள நாலு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) என்றால் 16 வினாடி. டியூபாக்காரர் கீழ் ஸ்தாயியில் உரக்க ஊதும்போது அதில் பாதிகூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அவ்வளவு காற்றைத் தின்னும் வாத்தியம் அது. என் ஆரம்ப கால அரேஞ்ச்மென்ட் ஒன்றில் பேஸ் குரலை அப்படியே டியூபாவுக்கு வைத்திருந்தேன். முதல் ஒத்திகையில் அவர் 'சாங்க்டுஸ்' என்ற ஒரே சொல்லை 'சாங்க்' என்று ஊதி, மூச்சு எடுத்து, 'டுஸ்' என்று முடித்தார். எல்லோரும் சிரித்தோம். எழுதியவன் நான்தான் என்பதால் நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன்.

மூச்சு எடுக்கும் இடத்தை ஊதுபவரின் இஷ்டத்துக்கு விடாமல், காற்புள்ளி விழும் இடத்தில் நீங்களே குறித்துவிடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் எடுப்பதும் தப்பில்லை. வாக்கியம் முடியும் இடத்தில் கொயரும் அப்படித்தான் எடுக்கும். வாக்கியத்தின் நடுவில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் நீண்ட நோட்டில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கான நேரத்தை எங்கிருந்தாவது கழிக்க வேண்டும். முந்தைய நோட்டில் கால் தட்டைக் குறைத்து ஓய்வாக எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு விதமாகத் திருடுவார்கள்.

உதட்டுக் களைப்பும் இதே கணக்கில்தான் வருகிறது. கொயர் ஸ்கோரில் ஓய்வு குறைவு. சொப்ரானோ பாட்டு முழுக்கப் பாடலாம், தொண்டை தாங்கும். டிரம்பெட்காரரின் உதடோ ஒவ்வொரு சில வரிக்கும் ஒருமுறை வாத்தியத்தை விட்டு விலகியாக வேண்டும், அப்போதுதான் ரத்தம் ஓடும். அதனால்தான் நாலு குரலுக்கு ஐந்து ஆள் என்பது வரப்பிரசாதம். ஐந்தாவது ஆள் எப்போதும் எதையாவது இரட்டிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐந்து பேரில் யாராவது ஒருவர் எப்போதும் ஓய்வில் இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். கதையே மாறிவிடும்.

உங்கள் 'லோகுஸ் இஸ்தே'யில் இதற்கு ஒரு அருமையான இடம் இருக்கிறது. நீங்கள் அதைத்தான் அடைத்துவிட்டீர்கள். ப்ரூக்னர் 1869இல் லின்ஸ் புதிய பேராலயத்தின் நேர்த்திக்கடன் சிற்றாலயத்துக்காக எழுதிய பாட்டு இது, மொத்தம் 48 பார். நடுவில் 'இர்ரெப்ரெஹென்சிபிலிஸ் எஸ்ட்', அதாவது 'குற்றம் காண முடியாதது' என்ற வரி 21ஆம் பாரில் தொடங்கி 29 வரை போகிறது. அங்கே பேஸ் குரலே கிடையாது. மேலே மூன்று குரல் மட்டும், அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்ந்துகொண்டு, கிசுகிசுப்பாக. அதுவரை கல்லில் நின்றுகொண்டிருந்த கட்டடம் திடீரென்று அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். கோயிலைப் பற்றிய பாட்டில் அஸ்திவாரத்தை உருவிவிட்டுக் காட்டுகிறார் மனுஷர்! அங்கே டியூபாவைக் கொண்டுவந்து டெனருக்குக் கீழே முட்டுக்கொடுத்தால், அவர் செய்த வேலை அத்தனையும் போச்சு.

நானாக இருந்தால் அந்த ஒன்பது பாரில் டியூபாவை எடுத்துவிடுவேன், முதல் டிரம்பெட்டையும் எடுத்துவிடுவேன். சொப்ரானோ வரியை இரண்டாம் டிரம்பெட்காரர் ஃப்ளூகல்ஹார்னில் (டிரம்பெட்டைவிட மென்மையான அதன் சொந்தக்காரரில்) வாசிக்கட்டும். ஆல்டோ ஹார்னுக்கு, டெனர் டிராம்போனுக்கு. நிறமே மாறிவிடும், மங்கிய வெளிச்சம் போல. 30ஆம் பாரில் முதல் வரி திரும்பி வரும்போது முதல் டிரம்பெட் தளராத உதடோடு உள்ளே வரும், டியூபா கீழே வந்து உட்காரும், அஸ்திவாரம் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்லாமலே கேட்பவருக்குப் புரியும். ஒரு நோட்டைக்கூட மாற்றவில்லை பாருங்கள், ஆட்களை நகர்த்தியதோடு சரி.

அதற்கு முன்னால் 'இனெஸ்திமாபிலே' என்று பேஸ் முந்திக்கொண்டு வர மற்றவர்கள் பின்தொடரும் இடத்திலும் டியூபா வேண்டாம். டிராம்போன் தனியாகத் தொடங்கினால் அந்த நுழைவு கத்தி மாதிரி இருக்கும். கீழே டியூபா சேர்ந்தால் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடும்.

டியூபாவை ஒரு ஸ்தாயி கீழே சேர்ப்பது ஆர்கனில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 16 அடிக் குழாய்களைத் திறக்கும் ஸ்டாப்பை இழுப்பது மாதிரி. நல்ல ஆர்கனிஸ்ட் அதைப் பாட்டு முழுக்க இழுத்தே வைத்திருக்க மாட்டார். எங்கே சேர்த்தாலும் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: பேஸ் குரலில் கார்டின் மூன்றாம் சுரம் இருக்கும் இடத்தில் கீழே இரட்டிக்க வேண்டாம். ஆழத்தில் மூன்றாம் சுரம் கனமாக விழுந்தால் கார்டே கலங்கிவிடும். அதே காரணத்துக்காகத்தான் டியூபாவும் டிராம்போனும் கீழ் ஸ்தாயியில் மூன்றாம் சுர இடைவெளியில் நெருங்கி நிற்கவும் விடக்கூடாது. ஐந்தாம் சுரமோ முழு ஸ்தாயியோ இடைவெளி கொடுங்கள், துலக்கமாகிவிடும்.

குரல்களைப் பங்கிடுவதில் நீங்கள் செய்தது தப்பில்லை. அதற்கு மாற்று ஒன்றும் உண்டு: ஆல்டோவை ஹார்னுக்கும், டெனரை டிராம்போனுக்கும், பேஸை எழுதிய உயரத்திலேயே டியூபாவுக்கும் கொடுத்து, இரண்டாம் டிரம்பெட்டை முதல்வருக்கு மாற்று ஆளாக வைத்துக்கொள்வது. ஆல்டோ குரல் ரொம்பக் கீழே இறங்கும் பாட்டுக்கு இதுதான் எனக்குப் பிடிக்கும். டிரம்பெட்டில் கீழ் பி ஃபிளாட்டுக்கும் கீழே போனால் சத்து இருக்காது, சொன்ன பேச்சும் கேட்காது. பாலெஸ்த்ரினாவின் 'சிகுத் செர்வுஸ்' மாதிரி ஒரே ராகத்துண்டை டெனர், ஆல்டோ, சொப்ரானோ, பேஸ் என்று ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டு வரும் பாட்டுகளில் பங்கீட்டைவிட உச்சரிப்பு ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம். முதல் ஆள் எப்படித் தொடங்கினாரோ அப்படியே நாலாவது ஆளும் தொடங்க வேண்டும். மூன்று பேர் மென்மையாகத் தொடங்கி, நாலாவது ஆள் 'டா' என்று விழுந்தால் அவர் மட்டும் வேறு மொழி பேசுவது போல இருக்கும்.

கீ விஷயத்தில், அதாவது பாட்டின் ஆதார சுரம் எது என்பதில், 'லோகுஸ் இஸ்தே' உங்களைக் காப்பாற்றிவிட்டது; சி மேஜர் பிராஸுக்குச் சங்கடமில்லை. அடுத்து மோட்சார்ட்டின் 'ஆவே வேரும்' (கே 618) எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது டி மேஜர். இந்த வாத்தியங்களுக்கு ஒலிக்கும் சுரத்தை அப்படியே எழுதுவதில்லை, மாற்றி எழுதுவார்கள்; அதனால் பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு அது நாலு ஷார்ப்பாக விழும், எஃப் ஹார்னுக்கு மூன்று ஷார்ப். வாசிக்க முடியாது என்றில்லை, தொல்லை வேறு இடத்தில். பிராஸ் வாத்தியம் இயற்கைச் சுர வரிசையில் வேலை செய்கிறது. அதில் ஐந்தாவது சுரம் பியானோவின் சுரத்தைவிட சுமார் 14 சென்ட் தாழ்ந்து நிற்கும், ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்ற கணக்கில். பி ஃபிளாட் டிரம்பெட்டில் வால்வு எதுவும் அழுத்தாமல் வரும் மேல் டி சுரம் அந்த ஐந்தாவதுதான். பி ஃபிளாட் மேஜர் கார்டில் இது மூன்றாம் சுரமாக வரும்போது தேன் மாதிரி இருக்கும், ஏனென்றால் தூய மூன்றாம் சுரம் கேட்கும் இடமும் அந்தத் தாழ்ந்த இடமே. டி மேஜரிலோ அதுதான் ஆதார சுரம்! தாழ்ந்த சுரத்தை வீட்டுத் தலைவராக வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டியிருக்கும், பாட்டு முழுக்க உதட்டால் தூக்கிப் பிடிக்க வேண்டும். அரைச்சுரம் ஏற்றி ஈ ஃபிளாட் மேஜருக்குக் கொண்டுபோய்விட்டால் டிரம்பெட்டுக்கு ஒரு ஃபிளாட், ஹார்னுக்கு இரண்டு. எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்தப் பாட்டில் மொத்தம் 46 பார். பாடும் அளவு பற்றி மோட்சார்ட் எழுதி வைத்தது தொடக்கத்தில் 'சொட்டோ வோச்சே', அதாவது அடங்கிய குரலில், என்பது மட்டும்தான். பிராஸுக்கு அடங்கிய குரல் என்பது வெறும் சின்னச் சத்தம் அல்ல. பொதுவாக கொயர் ஸ்கோரில் உள்ள அளவைவிட ஒரு படி குறைத்து எழுதுவது என் வழக்கம். மிக மெல்லிய இடங்களில் மட்டும் அப்படிச் செய்ய மாட்டேன். பயந்து பயந்து ஊதினால் நோட்டு பேசாது, தொடக்கம் சிதறும். மென்மை வேண்டுமா, ஆளைக் குறையுங்கள். ஐந்து பேர் பயந்து ஊதுவதைவிட மூன்று பேர் நிதானமாக ஊதுவது மெல்லக் கேட்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. ஜெர்மனியின் தேவாலய பிராஸ் குழுக்களை வளர்த்தெடுத்த யோஹன்னஸ் கூலோ (1856–1941) பிராஸ் என்பது பாட வேண்டும், கொயர் போலவே ஒலிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அதற்காக டிரம்பெட்டை ஒதுக்கிவிட்டு ஃப்ளூகல்ஹார்ன் வகை மென்மையான வாத்தியங்களையே விரும்பினார். பாடகரும் ஊதுபவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்படி, ஒலிக்கும் சுருதியிலேயே எழுதவும் வைத்தார். பின்னால் வந்த வில்ஹெல்ம் ஏமன் போன்றவர்கள் டிரம்பெட்டும் டிராம்போனும் தங்கள் சொந்தக் குரலிலேயே பேசட்டும் என்று பழைய மரபுக்குத் திரும்பினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்துக்காக கப்ரியேலி எழுதிய இரட்டைக் குழு இசையை ஃப்ளூகல்ஹார்னில் வாசித்தால் பளபளப்பே போய்விடும். 'லோகுஸ் இஸ்தே', 'ஆவே வேரும்' மாதிரி குரலுக்காகவே பிறந்த பாட்டுகளில் நான் கூலோ கட்சி.

எல்லாப் பாட்டும் இதற்கு ஒத்துவராது. ஆறேழு குரலாகப் பிரிந்து, அருகருகே உள்ள சுரங்கள் உரசிக்கொண்டு நிற்பதிலேயே அழகு இருக்கும் இக்கால கொயர் இசை பிராஸுக்கு வந்தால் பெரும்பாலும் கரடுமுரடாகிவிடும். அதோடு, அவற்றை எழுதியவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், அனுமதி வாங்காமல் கைவைக்கக் கூடாது. மாறாக, ராஹ்மானினோவ் 1915இல் எழுதிய 'இரவு முழுவதும் விழிப்பு' வழிபாட்டு இசையை எடுத்துப் பாருங்கள். அதன் ஐந்தாம் பகுதியின் முடிவில் பேஸ் குரல் ஆழத்தில் உள்ள பி ஃபிளாட் வரை படியிறங்கும். அப்படிப் பாடும் தொண்டைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டியூபாக்காரருக்கு அது சாப்பிட்டுவிட்டு நடப்பது மாதிரி.

கணினியில் எழுதும்போது ஒரு கண்ணி: கொயர் ஸ்கோரில் டெனர் குரல் பெரும்பாலும் கீழே 8 போட்ட டிரெபிள் கிளெஃப் என்ற தொடக்கக் குறியோடு இருக்கும், ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. கவனிக்காமல் ஹார்ன் வரியில் ஒட்டினால் டெனர் ஆல்டோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹார்ன்காரர் பாவம், அவரும் ஏதோ புதுமை என்று நினைத்து முகம் சிவக்க ஊதிக்கொண்டிருப்பார்.

'லோகுஸ் இஸ்தே'யின் முடிவுக்குச் சற்று முன்னால் எல்லாக் குரலும் நின்றுபோகும் அந்த அமைதி பற்றி ஒரு வார்த்தை. கல் கட்டடத்தில் எதிரொலி தானாக அடங்குவதற்கு ப்ரூக்னர் விட்ட நேரம் அது. கொயரில் கடைசி எழுத்து ஒலியை மூடிவிடும். பிராஸில் மூட எழுத்து இல்லை, ஐந்து பேரும் ஐந்து விதமாக விடுவார்கள். எந்தத் தட்டில் ஒலி நிற்க வேண்டும் என்பதை நோட்டின் நீளத்திலேயே துல்லியமாக எழுதி, ஓய்வின் மேல் ஃபெர்மாட்டா, அதாவது நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி, போட்டுவிடுங்கள். ஒலியைத் தேய்த்துத் தேய்த்து முடிக்கச் சொல்லாதீர்கள், தேய்ப்பதை கட்டடம் பார்த்துக்கொள்ளும்.

இப்போதைக்கு ஸ்கோர் முழுவதையும் திருத்த வேண்டாம். முதல் 30 பாரை மட்டும் வரியோடு அச்சடித்துக் கொடுங்கள். வாத்தியத்தைத் தொடும் முன் ஐந்து பேரையும் ஒருமுறை வாயால் பாடச் சொல்லுங்கள். முனகலாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாசிக்கச் சொல்லுங்கள். 21ஆம் பார் வரும்போது டியூபாக்காரர் வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டு, மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.